பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் ஆர்.சி.யை எடுங்கள்

மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் தண்டர்பேர்டை மறுபடி ஓட்டலாம் என்று நினைத்தவுடன் நாம் கூப்பிடுவது மெக்கானிக்கைத்தான். எஞ்சின் ஒருமுறை உயிர்பெற்றுவிட்டால் போதும், அடுத்த வாரமே கொல்லிமலை ஏற மனசு துடிக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. என்னைக் கேட்டால், எஞ்சினைக் கடைசியில் தொடலாம். முதலில் காகிதம், அப்புறம் பிரேக், டயர்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2002இல் வந்த முதல் தண்டர்பேர்டுகளுக்கு அது 2017இலேயே முடிந்துவிட்டது. டெல்லியில் பழைய வண்டிகளுக்குத் தடை என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, இங்கேயும் அதே கதிதான் என்று நம்பி காயலான் கடைக்குத் தள்ளியவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு அப்படியொரு வயது வரம்பு இல்லை. படிவம் 25இல் விண்ணப்பித்து, பசுமை வரி கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டினால் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

2022 ஏப்ரல் முதல் இதற்குக் கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2025இல் 2,000 ஆக்கினார்கள். கையைக் கடிப்பது இதுவல்ல, தாமதக் கட்டணம். மத்திய விதிப்படி மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 300 ரூபாய். ஐந்து வருஷம் விட்டிருந்தால் 18,000. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கார்புரேட்டருக்குச் செலவழிக்காதீர்கள்.

அப்பா ஓட்டிய வண்டி, அவர் இப்போது இல்லை என்றால் முதலில் படிவம் 31இல் பெயர் மாற்ற வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்துவிட்டாலும் வாரிசின் உரிமை போய்விடாது; செலவுதான் கூடும். இன்னொன்று, வண்டிக் கடன் என்றைக்கோ அடைந்திருக்கும், ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே நிற்கும். அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்குங்கள். சேசிஸ், எஞ்சின் எண்கள் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். யாரோ எப்போதோ எஞ்சினை மாற்றி, பதிவில் ஏற்றாமல் விட்டிருந்தால் ஆய்வின்போதுதான் தெரியவரும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். யார்மீதாவது மோதிவிட்டால் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். அது லட்சக்கணக்கில் போகும். 150 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிக்கு 2022இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 1,366 ரூபாய், வரி தனி. பாலிசி எடுத்துவிட்டேன், ஆர்.சி. மெதுவாகப் பார்க்கலாம் என்பதும் ஆபத்து. தற்காலிகப் பதிவு முடிந்த பிறகு வெளியூர் எடுத்துச் சென்ற கார் திருடுபோன வழக்கில், இழப்பீடு தரவேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

காகிதங்கள் சரிவரும் என்று தெரிந்தபின் வண்டிக்கு வாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் இறுகி வெடித்திருக்கும், மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதைப் பத்து வருஷம் விட்டுவிட்டு மலையிறங்கினால், சூட்டில் அது கொதித்து லிவர் வெறுமனே உள்ளே போகும். கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். லிவரைப் பிடித்துக்கொண்டு கியர் போட்டாலும் வண்டி பாய்ந்துவிடும்.

டேங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெடித்த குழாயில் கசியும் பெட்ரோலும் எலி கடித்த ஒயரும் சேர்ந்தால் தீப்பிடிக்க வேறொன்றும் வேண்டாம். குழாய்க்கு ஆகும் செலவு சொற்பம். கடைசியில் எஞ்சின்: ஆயிலை மாற்றி, பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சில சொட்டு ஆயில் விட்டு, மெதுவாகக் கிக்கரை மிதித்துச் சுற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள், அதுவும் திறந்த வெளியில். பதிவு முடிந்த வண்டியைப் பட்டறைக்கோ ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கோ ஓட்டிப் போகாமல் குட்டியானையில் ஏற்றுங்கள்.

பட்டறையில் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகங்களைக் கையில் கேளுங்கள், பில் வாங்குங்கள். போடாத பாகத்துக்குக் காசு வாங்கினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது; இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாதவருக்கு அங்கே நிரூபிப்பது கஷ்டம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புதுப்பிக்க முடியாது என்றால், வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். மறுத்தால் காரணத்தோடு உத்தரவின் நகலைத் தரவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 45ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் 57ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.