துளையைக் கண்டால் கூசுகிறதா? கூச்சப்படாமல் வாருங்கள்

அரிக்கிறது என்று தோல் மருத்துவரிடம், குமட்டுகிறது என்று வயிற்று மருத்துவரிடம். இப்படி இரண்டு மூன்று வருடம் அலைந்த பிறகுதான் மனநல மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொல்கிறார்கள்: "தேன்கூடு, தாமரைக்காய் படம் பார்த்தாலே உடம்பெல்லாம் ஏதோ ஊர்கிறது டாக்டர். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்." நெருக்கமான துளைகளைக் கண்டு வரும் இந்த அச்சத்துக்கு டிரைபோபோபியா என்று பெயர். கைப்பேசி வந்தபின் இவர்கள் பாடு திண்டாட்டம். விரலால் தள்ளினால் அடுத்து என்ன படம் வரும் என்று யார் கண்டார்கள்?

ஊர் சொல்வதும் உண்மையும்

"இதெல்லாம் நடிப்பு." இல்லை. 2013-இல் வெளியான இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், 286 பேரில் ஏறக்குறைய 16 சதவீதத்தினரால் தாமரைக்காய்ப் படத்தைச் சங்கடமின்றிப் பார்க்க முடியவில்லை.

"தோலில் புழு வைத்துத் துளை விழும்." அப்படிச் சுற்றும் படங்கள் பல, தாமரைக்காயை மனிதத் தோலில் ஒட்டிய கணினி வேலை.

"திரும்பத் திரும்பக் காட்டினால் பழகிவிடும்." படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை உண்டுதான். நோயாளியின் சம்மதத்தோடு, சின்னப் படியில் தொடங்குவோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா திடுமென அனுப்புவதற்குப் பெயர் சிகிச்சையா? சேட்டை.

"படத்துக்கு முன் எச்சரிக்கை போடச் சொல்வது செல்லம்." வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதுகிறோமே, அது யாருக்குச் செல்லம்? ஆனால் எச்சரிக்கையை மருந்தாகவும் நம்பாதீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், படம் தரும் வேதனையை அது குறைக்கவில்லை; பார்க்குமுன் வரும் படபடப்பைச் சற்றுக் கூட்டியது. பார்ப்பதா, தாண்டுவதா என்று நீங்களே முடிவெடுக்க அது இடம் தரும்.

பக்கத்து வீட்டு மாத்திரை

பதற்றத்துக்கான அல்பிரசோலம் மாத்திரையைச் சிலர் தாமாகவே வாங்கிப் போடுகிறார்கள். யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரர்! பயம் அப்படியே இருக்கும்; மாத்திரை மட்டும் விடமுடியாத பழக்கமாகும். நாள்பட்டுப் போட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

பரிசோதனை

பெரும்பாலும் ரத்தம், ஸ்கேன் எதுவும் வேண்டாம், பேசினால் போதும்.

கையெடுத்துக் கேட்கிறேன்

படம் போடுகிறவர்களே, முதல் வரியில் 'துளைப் படம்' என்று எழுதுங்கள். நண்பர்களே, விளையாட்டுக்கும் அனுப்பாதீர்கள். அச்சம் உள்ளவர்களே, எச்சரிக்கையைத் தயங்காமல் கேளுங்கள். அதற்குப் பின்னாலேயே ஒளிந்து வாழ்ந்துவிடாதீர்கள். ஆப்பம் சுடும் அடுப்படிக்குள் போகவும் முடியாமல் மாதக்கணக்கில் தவித்தால் வாருங்கள். முதலில் பேச மட்டும் வேண்டுமா? அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ், 14416. இலவசம்.

"இதற்கெல்லாம் டாக்டரா என்று நினைத்தேன்" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களாவது அதைச் சொல்லாமல் சீக்கிரம் வாருங்கள்.