முயலின் தலை சாய்ந்தால்: காதில் தொற்று இருக்கலாம்

வளர்ப்பு முயல் திடீரெனத் தலையை ஒருபுறம் சாய்த்து, வட்டமடித்து, உருண்டு விழுந்தால் பக்கவாதம் என்றும் இனிப் பிழைக்காது என்றும் உரிமையாளர்கள் அஞ்சுகின்றனர். ஆனால், இதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று காதுத் தொற்று.

உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்காதில் உள்ளது. பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் மூக்கிலிருந்து நடுக்காது வழியாக அங்கு பரவும்போது சமநிலை குலைகிறது. முயலின் சீழ் தயிர்க்கட்டிபோல் கெட்டியானது; எளிதில் வடியாது. எனவே சிகிச்சை பல வாரங்கள் நீள்கிறது. தொங்கு காது முயல்களுக்குப் பாதிப்பு அதிகம். மூளையைத் தாக்கும் 'என்செபலிட்டோசூன் குனிகுலி' எனும் ஒட்டுண்ணியும் இதே அறிகுறிகளை உண்டாக்குவதால், கால்நடை மருத்துவரின் பரிசோதனை அவசியம். வெளிக்காது சுத்தமாக இருப்பதால் மட்டும் தொற்று இல்லை என்று கூற இயலாது.

வீட்டிலுள்ள அமாக்சிசிலின் மருந்தைப் புகட்டுவது பெருந்தவறு. மனிதருக்கும் நாய்க்கும் பயன்படும் அம்மருந்து, வாய்வழியே கொடுக்கப்பட்டால் முயலின் குடலிலுள்ள நன்மை தரும் பாக்டீரியாக்களை அழித்து உயிரையே பறிக்கக்கூடும்.

மருந்துக்கு இணையாக உணவும் முக்கியம். அரை நாள் உண்ணாவிட்டாலே முயலின் குடல் இயக்கம் முடங்கும் அபாயம் உண்டு. ஆகவே உலர்புல்லையும் கீரையையும் வாயருகே வைக்க வேண்டும். தானாக உண்ணாவிடில் மருத்துவர் கூறும் முறையில் ஊட்ட வேண்டும். கூண்டின் ஓரங்களில் சுருட்டிய துண்டுகளை வைத்தால் உருளும்போது அடிபடாது. தரையை நோக்கிய கண் உராய்ந்து புண்ணாகலாம். அதனை நாள்தோறும் கவனிக்க வேண்டும்.

தொற்று நீங்கிய பின்னும் சில முயல்களுக்குத் தலைச்சாய்வு எஞ்சுகிறது. அவற்றுள் பல, அச்சாய்வுடனேயே உண்ணவும் ஓடவும் பழகிக்கொள்கின்றன.