ஒரே ஒரு செட் போதுமா?

வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம். எடைப் பயிற்சிக்கு இவ்வளவு போதும் என்கிறது ஒரு முறை. ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரே ஒரு செட், அதாவது இடைவிடாமல் தூக்கும் ஒரே ஒரு சுற்றுதான். ஆனால் இனி ஒரு தடவைகூடத் தூக்க முடியாது என்று கை, கால் நிற்கும்வரை போக வேண்டும். நேரமில்லாமல் ஜிம் பக்கமே போகாதவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம் என்றே நினைக்கிறேன். ஆனால் செட்டைக் குறைப்பது வேறு, தசை ஓயும்வரை தூக்குவது வேறு. முதலாவது அநேகமாக எல்லோருக்கும் ஒத்துவரும். இரண்டாவது அப்படியல்ல.

எங்கிருந்து வந்தது?

நாட்டிலஸ் உடற்பயிற்சிக் கருவிகளை உருவாக்கிய அமெரிக்கர் ஆர்தர் ஜோன்ஸ் 1970களில் இதைப் பரப்பினார். 1973இல் கொலராடோவில் அவர் நடத்திய சோதனையில், கேசி வயேட்டர் என்ற பாடிபில்டர் 28 நாட்களில் 63 பவுண்டு தசை ஏற்றினார் என்று விளம்பரப்படுத்தினார்கள். வயேட்டர் அதற்குச் சற்று முன்புதான் உடல்நலக் குறைவால் நிறைய எடை இழந்திருந்தார். இழந்த தசையை மீட்பது, புதிதாக வளர்ப்பதைவிடச் சுலபம். அந்த 63ஐ நம்பி யாரும் ஜிம்மில் பணம் கட்ட வேண்டாம்.

ஆய்வு என்ன சொல்கிறது?

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்துவந்த ஆண்களை 1, 3, 5 செட் என மூன்று குழுக்களாகப் பிரித்தது. வாரம் 3 நாள், மொத்தம் 8 வாரம். வலிமை மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியது. ஒரு செட் குழுவுக்குப் பயிற்சி நாள் ஒவ்வொன்றிலும் சுமார் 13 நிமிடமே ஆனது. ஐந்து செட் குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். தசைப் பருமன் மட்டும் அதிக செட் செய்தவர்களுக்கே கூடுதலாக வளர்ந்தது.

மேடையேறும் பாடிபில்டருக்கு இது குறைதான். மாடிப்படி ஏறும்போது முட்டி வலிக்காமல் இருந்தால் போதும் என்கிற ஐம்பது வயதுக்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில், 13 நிமிடப் பயிற்சியை அலட்சியம் செய்யக் கூடாது.

ஆபத்து எங்கே?

காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் கடைசி ரெப்பை, அதாவது கடைசித் தடவையைத் தள்ளுபவரைப் பாருங்கள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, தன்னையறியாமல் மூச்சை அடக்கியிருப்பார். கனடாவில் 1985இல் பாடிபில்டர்களின் தமனிக்குள் கருவி செலுத்தி, இதே பயிற்சியின்போது ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி உச்சம் 320/250. இளம் இதயம் சில நொடிகள் தாங்கிவிடும். கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதயநோய், சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, குடலிறக்கம் உள்ளவர்கள் தசை ஓயும்வரை தூக்கவே கூடாது. மருத்துவரைக் கேட்ட பிறகே எடையைத் தொட வேண்டும்.

மூட்டும் தசைநாணும் தசையின் வேகத்துக்கு வலுப்பெறுவதில்லை. வார்ம்-அப்புக்குப் பிறகு ஒரே கடும் செட் என்று பயிற்சி செய்து, 1992 முதல் 1997 வரை தொடர்ந்து 6 முறை மிஸ்டர் ஒலிம்பியா பாடிபில்டிங் பட்டம் வென்ற டோரியன் யேட்ஸுக்கே கையில் பைசெப்ஸும் பின்னர் டிரைசெப்ஸும் கிழிந்தன. புதிதாகச் சேர்ந்தவருக்கு இன்னொரு சிக்கல்: களைத்த பிறகு முதுகு வளைகிறது, எடை ஆடுகிறது, அதை அவர் உணர்வதே இல்லை.

எப்படித் தொடங்கலாம்?

குந்தி எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது. இந்த நான்கும் உடலின் பெரிய தசைகளையெல்லாம் தொட்டுவிடும். லேசான எடையில் வார்ம்-அப் செய்துவிட்டு ஆளுக்கேற்ற எடையில் ஒரு செட், முடிந்தால் இரண்டு. இன்னும் இரண்டு ரெப் தூக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுங்கள். பலனில் பெரிய குறைவு இருக்காது. எடையைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இடையில் இரண்டு நாளாவது ஓய்வு கொடுங்கள்.

மறுநாள் தசை வலிப்பது இயல்பு. வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.