காரைப் பின்னால் இழுக்கும் காற்று

ஓடும் காரைக் காற்று முன்னாலிருந்து தள்ளித் தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கூரிய மூக்கு, சாய்ந்த முன்கண்ணாடி என்று நம் கண் போவதும் அங்கேதான். ஆனால் தடையின் பெரும்பகுதி பிறப்பது காரின் பின்புறத்தில்!

முன்னால் விலகிய காற்று, கூரைமீது வழுக்கி ஓடிப் பின்னால் மறுபடி ஒன்றுசேர வேண்டும். உடல் சட்டென்று சரிந்தால் காற்றால் அந்த வளைவைத் தொடர முடியாது, பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். அங்கே சுழல்கள் நிறைந்த, அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகும். முன்னே மிகுந்த அழுத்தம், பின்னே குறைந்த அழுத்தம்: இந்த வேறுபாடுதான் காரைப் பின்னோக்கி இழுக்கிறது. வேகம் இரு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்கு.

காற்றைப் பிரியவிடாத வடிவம் எது? மெல்ல மெல்ல ஒடுங்கி நீளும் வால். ஆனால் அத்தனை நீள வாலோடு ஒரு காரை எந்தத் தெருவில் திருப்புவது? 1930களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஆய்வுசெய்த வுனிபால்ட் காம் இதற்கு அழகான விடை தந்தார். உடலைச் சீராக ஒடுக்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் செங்குத்தாக வெட்டிவிடலாம். அதற்குள் காற்று தன் அழுத்தத்தைப் பெருமளவு மீட்டிருக்கும். சுழல்களுக்கு எஞ்சுவது சிறிய வெட்டுமுகம் மட்டுமே. முழு வால் தரும் பயனில் பெரும்பங்கு இந்தக் குட்டை வாலிலேயே கிடைத்துவிடுகிறது. டொயோட்டா பிரியஸின் உயர்ந்து வெட்டுப்பட்ட பின்புறம் இந்தச் சிந்தனையின் வழி வந்ததே.

பின்கண்ணாடியின் சாய்வு இன்னும் வியப்பானது. 1984இல் அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் காரைப்போன்ற எளிய மாதிரி ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, அதன் பின்சரிவின் கோணத்தை மாற்றி மாற்றி அளந்தார்கள். ஏறக்குறைய 12.5 பாகையில் இழுவிசை மிகக் குறைவு. அதன்பின் ஏறிக்கொண்டே போய் 30 பாகையில் உச்சம் தொட்டது. அதைச் சற்றே தாண்டியதும் சடாரென்று விழுந்தது! காரணம், சரிவின் இரு விளிம்புகளிலும் உருளும் வலிய சுழல்கள். 30 பாகைவரை அவை சரிவுப் பரப்பைப் பின்னோக்கி உறிஞ்சுகின்றன. அதைக் கடந்தால் காற்று முற்றிலும் பிரிந்து, அந்தச் சுழல்களும் வலுவிழக்கின்றன.

விளிம்புகளின் இலக்கணமும் இடத்துக்கு இடம் மாறும். முன்புறத்தில் வளைந்த விளிம்பு நல்லது. பின்புறத்திலோ கூர்மையான விளிம்பே நல்லது. வளைந்திருந்தால் காற்று அதைப் பற்றிக்கொண்டு இறங்கி, பின்முகத்தில் அழுத்தத்தை இன்னும் குறைக்கும். கூரையின் முடிவில் நீளும் சிறு ஸ்பாய்லர், காற்று எங்கே பிரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மின்சாரக் கார்களின் காலத்தில் இந்த நுட்பங்கள் நேரடியாகப் பயணத் தூரமாக மாறுகின்றன. நீண்டு ஒடுங்கிய பின்புறமும் 0.17 என்ற மிகக் குறைந்த இழுவிசைக் குணகமும் (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) கொண்ட மெர்சிடிஸின் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற சோதனைக் கார், 2022இல் ஒரே சார்ஜில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பேட்டரியைப் பெரிதாக்காமலே பயணத்தை நீட்டும் வழி காரின் பின்புறத்தில் இருக்கிறது.