துளசி விதையை ஆழப் புதைக்க வேண்டாம்

சளி, இருமல் வந்தால் நம் கிராமத்துத் தாய்மார் முதலில் நாடுவது துளசியையே. ஆனால் விதையிட்டு அதை வளர்க்க முயன்ற பலர், விதை முளைக்கவில்லை என்று நம்மிடம் குறைப்பட்டதுண்டு. விசாரித்தால், கேழ்வரகினும் சிறிய அவ்விதையை விரற்கடை ஆழத்தில் புதைத்திருப்பார்கள். குற்றம் விதையினுடையதன்று. சிறு விதையில் அடங்கியுள்ள உணவு சொற்பம். கனத்த மண்ணைத் துளைத்து மேலெழ அம்முளைக்கு வலுவில்லை.

முற்றிக் காய்ந்த கதிர்களைக் கசக்கி விதை எடுத்துக்கொள்க. வெயில் படுவதும் நீர் தேங்காததுமான இடத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து, மட்கிய தொழு உரம் கலந்து சமன் செய்க. விதையை உலர்ந்த மணலுடன் கலந்து சீராகத் தூவி, சலித்த உரத்தை விதை மறையும் அளவே மேலே பரப்புக. குடத்து நீரைக் கொட்டினால் விதை அடித்துச் செல்லப்படும். ஆதலால் பூவாளியால் தெளிப்பதே நன்று.

8 முதல் 12 நாட்களில் விதை முளைக்கும். ஏறத்தாழ 6 வாரங்களில், நாலைந்து இலைகள் விட்ட நாற்றுகளை மாலை வேளையில் 40 செ.மீ. இடைவெளியில் நடலாம். பூங்கதிர்களை அவ்வப்போது கிள்ளி வந்தால் இலை பெருகும். விதைக்கென இரண்டொரு செடிகளை மட்டும் விட்டுவைத்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் பள்ளித் தோட்டத்தில் இவ்வாறு ஒரு பாத்தி இட்டுக் காட்டுவார்களாயின், ஒரு பிடி விதையே ஊரார் அனைவருக்கும் நாற்றுத் தரும்.