கடலே வேலி

ஆடு வளர்ப்பவர்களுக்குப் பட்டி வேண்டும், முள்வேலி வேண்டும், இரவுக் காவலுக்கு நாய் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் சுமார் 200 செம்மறிகள் வட அட்லாண்டிக் கடலில் ஒரு பாறைமேல் மேய்கின்றன. பரோயே தீவுகள் பதினெட்டில் மனிதர் குடியிராத ஒரே தீவு அது. பெயர் லிட்லா டிமுன். பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. உயரமோ 414 மீட்டர். கீழே செங்குத்துப் பாறை, மேலே புல்சரிவு.

நரியோ ஓநாயோ அங்கே இல்லை. வெப்ப நீரோட்டம் குளிரைத் தணிப்பதால் ஆடுகள் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் தாக்குப்பிடிக்கின்றன. கடற்பறவைகளின் எச்சம் புல்லுக்கு எருவாகிறது. ஆனால் புல் தீர்ந்தால் ஓட வேறு இடமில்லை. அதனால் எண்ணிக்கைதான் உயிர். ஒரு மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவுக்கே ஆடுகள் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் பழைய முறை. பரோயேயின் மிகப் பழைய ஆவணமே 1298இல் எழுதப்பட்ட ஆட்டுச் சட்டம்தான்!

இலையுதிர் காலத்தில் பக்கத்துத் தீவான சூதுரோயிலிருந்து படகுகள் வரும். ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பாறையேறி, ஆடுகளை வளைத்து, வலையில் கட்டிப் படகில் இறக்குவார்கள். ஆள்தான் அங்கே ஏறியிறங்கிச் சிரமப்பட வேண்டும். ஆட்டுக்கு அது வீடு.

என் மனம் போய் நிற்பது இவற்றுக்கு முன்பு அங்கே வாழ்ந்த ஆடுகளிடம். சின்னஞ்சிறியவை, கருநிறம், குட்டை மயிர். முன்னோர் யாரோ கொண்டுவந்து விட்டவை காட்டாடுகளாகிவிட்டன. மற்ற ஊர்களில் கம்பளிக்காகவும் கறிக்காகவும் மனிதர்கள் ஆட்டைத் தலைமுறை தலைமுறையாக மாற்றிக்கொண்டிருந்தபோது, கடல் இந்த மந்தையைத் தனியே பிரித்து வைத்திருந்தது. கலப்பில்லாததால் ஆதிச் செம்மறியின் சாயல் மாறாமல் நின்றது. ஸ்காட்லாந்துக்கு அப்பாலுள்ள சோய் தீவின் ஆடுகளும் இப்படித் தனித்து நின்றவையே.

1852இல் தீவு ஏலத்துக்கு வந்தது. சூதுரோய்க்காரர்கள் வாங்கினார்கள். பிறகு வழக்கமான பரோயே ஆடுகள் அங்கே விடப்பட்டன. பழையவற்றில் கடைசியாக எஞ்சியவை 1860களில் சுட்டுக் கொல்லப்பட்டன. சோய் ஆடுகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. 1932இல் அவற்றில் 107ஐ அருகிலிருந்த ஹிர்ட்டா தீவில் கொண்டுபோய் விட்டார்கள். 1985 முதல் அத்தீவின் ஒரு பகுதியில் ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியே அடையாளமிட்டு, அதன் பிறப்பு முதல் இறப்பு வரை ஆய்வாளர்கள் பதிவு செய்துவருகிறார்கள். லிட்லா டிமுனின் கறுப்பு ஆடுகளோ பஞ்சடைத்த உடல்களாகத் தலைநகர் தோர்ஷாவ்னில் நிற்கின்றன.