இலேசான ரக்கெட் வாங்கப் போகிறீர்களா?

கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் கிரிக்கெட்டுக்கும் உதைபந்துக்கும்தான் முதலிடம். பெட்மின்டனுக்கு வலை கட்ட ஓர் ஒழுங்கை போதும். டெனிஸ் அப்படிப் பரவிய விளையாட்டல்ல. ஆனாலும் வளைகுடாவிலிருந்து வரும் நானாவின் பெட்டியில் ஒரு டெனிஸ் ரக்கெட் இருக்கிறது. ஒலுவிலில் படிக்கிற பிள்ளை பல்கலைக்கழக அணியில் சேர ஆசைப்பட்டு ஒன்று கேட்கிறது. தொலைபேசித் திரையில் விளம்பரமும் ஓடுகிறது: “இலேசு, பவர் அதிகம், ஸ்பின் அதிகம், கைக்குச் சொகுசு.” பக்கத்தில் கேட்டுப் பார்க்கப் பயிற்றுவிப்பாளர் இல்லாத ஊரில், விளம்பரத்தில் இருப்பதை நம்பித்தான் வாப்பாமார் காசைக் கொடுக்கிறார்கள்.

அந்த வாக்குறுதிகள் எல்லாம் ஒரே ரக்கெட்டில் முழுமையாகக் கிடைப்பதில்லை. குறிப்பாக, இலேசாக இருந்தால் கைக்கு நல்லது என்ற நம்பிக்கை பல வேளைகளில் தலைகீழானது.

டெனிஸ் பந்தின் எடை 56.0 முதல் 59.4 கிராம் வரை. அது வேகமாக வந்து மோதும்போது கனமான ரக்கெட் அசையாமல் தாங்குகிறது, இலேசான ரக்கெட் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்த அதிர்ச்சி மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஏறுகிறது. எடையைக் குறைத்தால் அடியின் வலுவும் குறையும் என்பதால், தயாரிப்பாளர்கள் அதை வேறு வழியில் ஈடுசெய்கிறார்கள். பாரத்தைத் தலைப்பக்கம் கூட்டுகிறார்கள், தலையை அகலமாக்குகிறார்கள், சட்டத்தைத் தடிப்பாகவும் விறைப்பாகவும் செய்கிறார்கள். ஹெட் நிறுவனத்தின் டிஐ எஸ்6 இதற்கு நல்ல உதாரணம். நரம்பு கட்டாமல் 225 கிராம், தலை 115 சதுர அங்குலம். பெரும்பாலான இளம் ஆட்டக்காரர்கள் பிடிக்கும் ரக்கெட் சுமார் 300 கிராமும் 100 சதுர அங்குலமும் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். மெதுவாக, குறுகலாகக் கையை வீசும் வயதானவர்களுக்கு, இரட்டையர் ஆட்டத்தில் வலைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அப்படியானது பொருந்தும். பதினெட்டு வயதுப் பையன் முழு வேகத்தில் வீசினால் பந்து கோட்டுக்கு வெளியே பறக்கும். அதை அடக்க அவன் பிடியை இறுக்குவான். வலி அந்த இறுக்கத்தில்தான் தொடங்குகிறது.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது எடை. எழுதியிருப்பது நரம்பு கட்டாத எடையா, கட்டிய எடையா என்று கேளுங்கள். நரம்பு மட்டும் 15 முதல் 18 கிராம் வரை கூட்டும். எழுத்தில் சந்தேகம் என்றால் கடை மின்தராசில் வைத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்தது சமநிலை. வழக்கமான பெரியவர் ரக்கெட்டின் நீளம் 27 அங்குலம், அதாவது 68.5 சென்ரிமீற்றர். ஒரு விரலில் கிடையாக நிறுத்தி, பிடியின் அடியிலிருந்து விரல் வரைக்கும் அளவுநாடாவால் அளந்தால், 34 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வருவது நடுப்புள்ளி. அதைவிட நன்றாகக் கூடினால் பாரம் தலையில் இருக்கிறது. தராசில் இலேசாகக் காட்டும் அந்த ரக்கெட் வீசும்போது இலேசாக இருக்காது.

பவரிலும் ஸ்பின்னிலும் பாதி வேலை நரம்பினுடையது. நரம்பைத் தளர்த்திக் கட்டினால் பந்து வேகமாகப் பாயும், இறுக்கினால் கட்டுப்பாடு கூடும். இறுக்கிக் கட்டினால்தான் பலமாக அடிக்கலாம் என்று பலரும் நினைப்பது தவறு. ஸ்பின் வருவது எப்படி? பந்தில் பட்டதும் நெடுக்கு நரம்புகள் பக்கவாட்டில் நகர்ந்து, உடனே இடத்துக்குத் திரும்பும்போது பந்தைச் சுழற்றிவிடுகின்றன. 1977இல் ஒருவகை இரட்டை நரம்பு ரக்கெட் இந்த விளைவை எல்லை மீறிக் காட்டியது. அதைப் பிடித்த நஸ்தாசே என்ற வீரரிடம், களிமண் தரையில் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த வில்லாஸ் என்ற வீரர் ஆட்டத்தை இடையில் கைவிட்டுத் தோற்றுப்போனார். சர்வதேச டெனிஸ் சம்மேளனம் அதைத் தடை செய்தது. இன்று விதிகளுக்குள் நின்று அதே வேலையைச் செய்வது பொலியெஸ்டர் நரம்பு. 16 நெடுக்கும் 19 குறுக்குமாக இடைவெளி விட்டுக் கட்டிய ரக்கெட்டில் அது நன்றாக வேலை செய்யும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. பொலியெஸ்டர் விறைப்பானது. வேகமாக வீசத் தெரியாதவருக்கு அது ஸ்பின்னையும் தருவதில்லை, அதிர்ச்சியை மட்டும் கைக்கு அனுப்புகிறது. அறுந்துபோகும் முன்னரே தளர்ந்து செத்தும் போகிறது. விறைப்பான இலேசு ரக்கெட், அதற்குள் இறுக்கிய பொலியெஸ்டர், பிடித்திருப்பவர் புதியவர் என்றால், முழங்கைக்கு அதைவிடக் கெட்ட சேர்க்கை இல்லை. புதியவருக்கு சிந்தெட்டிக் கட் எனும் செயற்கை நரம்பு அல்லது பல நுண்ணிழைகளைச் சேர்த்து முறுக்கிய நரம்பு போதும். சட்டத்தில் அச்சிட்டிருக்கும் இறுக்க அளவின் கீழ்ப்பக்கத்தில் கட்டச் சொல்லுங்கள். மாட்டுக் குடலில் செய்யும் இயற்கை நரம்பு சொகுசானது, ஆனால் ஈரம் ஆகாது. நம் கடற்கரைக் காற்றில் அதற்குக் காசு கொட்ட நான் சொல்லமாட்டேன். எந்த நரம்பானாலும் வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் ரக்கெட்டை விட்டுவைத்தால் தளரும்.

நரம்பில் செருகும் சின்ன இறப்பர்த் துண்டு முழங்கையைக் காப்பாற்றும் என்று விற்கிறார்கள். அது நரம்பின் ஓசையை அடக்குகிறது, அவ்வளவுதான். பந்து மோதும் அதிர்ச்சியை அது தடுப்பதில்லை. பிடியின் சுற்றளவு சரியாக இருப்பது அதைவிட முக்கியம். பிடித்தபின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவில் மற்றக் கையின் சுட்டுவிரல் நுழைய இடம் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு 27 அங்குலமே வேண்டாம். 19 முதல் 26 அங்குலம் வரை வயதுக்கேற்ற ரக்கெட்டும், வேகம் குறைந்த சிவப்பு, செம்மஞ்சள், பச்சைப் பந்துகளும் இருக்கின்றன. “வளர்ந்தபிறகும் பாவிக்கலாம்” என்று பெரியதாக வாங்கிக் கொடுப்பது சிக்கனமல்ல.

முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது, கேத்தலைத் தூக்கும்போதும் துணி பிழியும்போதும் குத்துகிறது என்றால், ஆட்டத்தை நிறுத்துங்கள். டெனிஸ் எல்போ என்று பெயர் இருந்தாலும் ரக்கெட்டைத் தொடாதவர்களுக்கும் வரும் நோய் அது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் அரசாங்க வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள், அங்கு காசு கேட்கமாட்டார்கள். பெரும்பாலானோருக்கு ஓய்வும் படிப்படியான பயிற்சியும் போதுமானவை. ஸ்டீரொயிட் ஊசி உடனே சுகம் தரும், ஆனால் ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்புவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. போடுமுன் இதை வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி உரிமை. “முழுக் கிராபைட்” என்று விற்றது அலுமினியமாக இருந்தால் என்ன செய்யலாம்? கழுத்துப் பகுதியில் தனியாகப் பொருத்திய பிளாஸ்டிக் துண்டு தெரிந்தால் அது பெரும்பாலும் அலுமினியம்தான். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வர்ணித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். அதே சட்டத்தில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனையாகிறது. வியாபாரப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பிராண்டைச் சொல்லிக் கேட்காதீர்கள். “மகளுக்குப் பன்னிரண்டு வயது, இப்போதுதான் தொடங்குகிறாள், கைக்குத் தோதானதைத் தாருங்கள்” என்று கேளுங்கள், அதைப் பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வாங்குமுன் சோதித்துப் பார்த்தவர், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்காகப் பின்னர் வழக்காடுவது கடினம். ஆகவே ரக்கெட்டின் சட்டத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இன்னும் நேரடியான வழி. கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. ஏமாற்றும் விளம்பரமும் பொய்யான வர்ணனையும் குற்றம். சொன்ன உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளுக்கு நட்டஈடோ, மாற்றுப் பொருளோ, கொடுத்த காசோ தரும்படி அதிகாரசபை உத்தரவிடலாம். “விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது” என்று சுவரில் தொங்கும் பலகை இந்த உரிமையை அழித்துவிடாது.

பேஸ்புக்கில் வாங்குபவர்கள் விளம்பரத்தையும் உரையாடலையும் திரைப்பிரதி எடுத்து வையுங்கள், பொதி பிரிப்பதைப் படம்பிடியுங்கள், விற்பவரின் பெயரும் முகவரியும் இல்லாத பக்கத்துக்கு முற்பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு விற்பனையாளர் மீது நம் அதிகாரசபையின் கை எட்டுவது அரிது. தனியாளிடம் பழைய ரக்கெட் வாங்கிப் பிணக்கு வந்தால், அவர் வியாபாரி அல்ல என்பதால், உங்கள் பகுதி மத்தியஸ்த சபையை நாடுவது நல்லது. சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை.

முதலில் கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். நம் ஊரில் முகம் பார்த்துப் பேசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். ஆனால் அழைப்பு மட்டும் போதாது, முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.